தானாக எழும்பிய பரலோகம்

அத்தியாயம் 7

வெண்கல வாசல் சபையின் வாசலில் வெண்கலம் பொட்டுக்கூட இல்லை. தகரக் கதவுக்குப் பொன்வர்ணம் அடித்து, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் பனை நட்டு வைத்திருந்தார்கள். கதவுக்கு மேலே ஒரு லாரியின் அகலத்துக்கு பிஷப் சஸ்ராக்கு சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தோளுக்குப் பின்னால், ஒரு மூலையில், தபால்தலை அளவுக்கு இயேசு.

"யாரு யாருக்கு ஊழியம் பண்றாங்கன்னே புரியல ஆன்ட்டி" என்றான் ஏக்கோ.

"உள்ள வந்து இந்த வாயைத் திறக்காத" என்றாள் மாவுசி அக்பேனு. சொல்லிவிட்டு அவளும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாவுசி போலீஸில் இருந்தவள். மேலதிகாரி ஒருவரை நாலு பேர் எதிரில் முட்டாள் என்று சொன்னதால் வெளியே வந்தவள். அவர் முட்டாள்தான் என்பது பின்னால் ஊருக்கே தெரிந்தது, ஆனால் போன வேலை போனதுதான். இப்போது கானா நாட்டின் ஆஷைமான் ஊர்ச் சந்தையில் ஒரு வாக்யே கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். கீழே வேகும் சோறும் பயறும் மேலே மணக்கும், வாடிக்கையாளர்கள் அதனாலேயே சீக்கிரம் விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். ஏக்கோ அவளுடைய ஒரே உதவியாளன். அதற்கு முன் சாவு வீடுகளில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு பெரிய மனிதரின் பெட்டியைக் குழிக்குள் இறக்கும் நேரத்தில் கல்யாணப் பாட்டு ஓடிவிட்டதால் அந்தத் தொழில் அவனைக் கைகழுவியது.

இன்று காலை அந்த அலுவலகத்துக்கு கொர்க்கோர் என்ற தையல்காரி வந்தாள். அவளுடைய தம்பி ஓடார்ட்டே இந்தச் சபையில் சவுண்ட் வேலை பார்க்கிறவன். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், காணிக்கை ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது, மண்டபத்தின் அத்தனை ஒலிபெருக்கியிலும் ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. "மூணாவது வரிசை, மஞ்சள் தலைக்கட்டு. பேரு அட்ஸோ. இடது முழங்கால் வலி. புருஷன் லிபியா போனவன், தகவல் இல்ல." மூன்றாவது வரிசையில் மஞ்சள் தலைக்கட்டோடு அட்ஸோ நின்றுகொண்டிருந்தாள். கடவுள் தன் காதில் சொன்னதாக சஸ்ராக்கு அடுத்தபடி தீர்க்கதரிசனம் சொல்ல இருந்தது அவளுக்குத்தான்.

அது பிசாசின் குரல் என்று சஸ்ராக்கு அறிவித்தார். பிசாசுக்குக் கதவு திறந்தவன் ஓடார்ட்டே என்று மூப்பர்கள் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து அவன் சபையின் பின்கட்டில் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கிறான். அதற்கு உபவாசம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று மாலை ஆராதனையில் அவன் மேடையேறி, போட்டிச் சபைக்காரர்களுக்காகச் சூனியம் வைத்ததாக ஒத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் போலீஸ். சூனியக்காரன் என்று பெயர் வாங்கியவனை ஆஷைமானில் கல்லால் அடிக்கக்கூட ஆள் இருக்கிறது. அக்கா அழுததில் நியாயம் இருந்தது.

"அவன் சவுண்ட் பலகையைத் தொடவே இல்ல மேடம்" என்றாள் கொர்க்கோர். "அப்ப செவ்வாய்க்கிழமை பொறந்தவங்க முறை. இவனும் செவ்வாய். முன்னால போய் ஆடிட்டு இருந்தான். சபையே பார்த்துச்சு."

ஞாயிறு பிறந்தவர்கள், திங்கள் பிறந்தவர்கள் என்று கிழமை கிழமையாக ஆடிக்கொண்டு போய்க் காணிக்கை போடுவதும், எந்தக் கிழமை அதிகம் போட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்து ஏற்றிவிடுவதும் இங்கே எல்லாச் சபையிலும் உள்ளதுதான். சவுண்ட் ஆளானாலும் தன் கிழமை வந்தால் பலகையை விட்டு எழுந்து ஆடத்தான் வேண்டும். உட்கார்ந்திருந்தால் கஞ்சன் என்பார்கள்.

மண்டபத்தின் பின்பக்கம், சுவரோரமாக இருந்தது மிக்ஸர் பலகை. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு டீக்கன் பாஃபோ காவல் இருந்தார். பெரிய உடம்பு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, எதையும் சந்தேகிக்காத முகம்.

"நாங்க ஆவித் தொந்தரவு வந்த மின்சார சாமான்களைப் பார்க்கிறவங்க" என்றான் ஏக்கோ. "ஃப்ரிட்ஜ், டிவி, சவுண்ட் செட் எல்லாம் பார்ப்போம்."

டீக்கன் நம்பினார். நம்புவதுதான் அவருடைய உத்தியோகம்.

பலகை பளபளத்தது. ஏக்கோ குனிந்து மோந்து பார்த்தான். ஆலிவ் எண்ணெய். பொத்தான்களின் இடுக்கெல்லாம் எண்ணெய் இறங்கியிருந்தது.

"அபிஷேகம் பண்ணீங்களா?"

"மூப்பர்கள் எல்லாரும் கை வச்சு ஜெபிச்சோம். ரெண்டு பாட்டில் ஊத்தினோம்."

"கூட கொஞ்சம் வெங்காயம் போட்டிருந்தா தாளிச்சே எடுத்திருக்கலாம்" என்றான் ஏக்கோ. வெறுங்காலில் சாவு வீடு சாவு வீடாகச் சவுண்ட் பெட்டி சுமந்தவனுக்கு, இப்படி ஒரு சாமானை எண்ணெயில் குளிப்பாட்டியதைப் பார்க்க உண்மையிலேயே வயிறு எரிந்தது. தன் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தான்.

மாவுசி டீக்கனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்க எங்க இருந்தீங்க ஐயா?"

"இதே இடம்மா. நான் சனிக்கிழமை பொறந்தவன், என் முறை வரல. என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பலகைக்குப் பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. இந்தப் பொத்தான் தானா மேல ஏறுச்சு. யாரோ தள்ளற மாதிரி. அதுக்கப்புறம்தான் அந்தக் குரல் வந்துச்சு. ஓடார்ட்டே முன்னாலேர்ந்து ஓடி வந்து இதைக் கீழ இழுத்தான். ஆடறப்பவே மந்திரம் சொல்லி அனுப்பியிருக்கான் பாருங்க. உடம்பு அங்க, ஆவி இங்க."

பலகையில் ஒவ்வொரு குரலுக்கும் வாத்தியத்துக்கும் ஒரு ஃபேடர், அதாவது மேலும் கீழும் நகர்கிற பொத்தான். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு சின்னத் திரையில் பெயர் ஒளிர்ந்தது. பாடகர் குழு, கிட்டார், பெரிய டிரம், பிஷப். டீக்கன் காட்டிய ஃபேடர் கடைசியில் இருந்தது. அதன் பெயர் பரலோகம்.

ஏக்கோ பெயரைப் படித்துவிட்டு மாவுசியைப் பார்த்தான். மாவுசி கூரையைப் பார்த்தாள். சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"தண்ணி கொண்டு வர முடியுமா ஐயா, சுத்திகரிக்கணும்" என்று மாவுசி டீக்கனை அனுப்பினாள். அவர் நகர்ந்ததும், "சொல்லு" என்றாள்.

"பேயும் இல்ல, ஆவியும் இல்ல. இந்த மாதிரி பலகையில ஒவ்வொரு ஃபேடருக்கு அடியிலயும் குட்டி மோட்டார் இருக்கும். பலகையை நெட்வொர்க்கில மாட்டிட்டா, எங்கயோ உக்காந்துக்கிட்டு போன்ல விரலைத் தேய்ச்சா போதும், இங்க இது தானா நகரும். அந்த டீக்கன் பார்த்தது நிஜம்தான். பாவம், பார்த்ததைத் தவிர மத்ததெல்லாம் தப்பு."

"அப்ப யாரோ ஒருத்தர் விரல்."

"யாரோ ஒருத்தரா? அங்க பாருங்க."

மேடைக்கு மேலே பெரிய திரையில் சபையின் வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொட்டை எழுத்தில் நின்றன. ஆராதனையைப் போனில் பார்த்துக்கொண்டே மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்காக வைத்திருக்கும் வசதி.

"சபை மொத்தமும் சந்தேகக் கைதி ஆன்ட்டி. பால் குடிக்கிற குழந்தைங்களை விட்டுடலாம்."

"உன் போன்ல போட்டுப் பாரு."

ஏக்கோ திரையில் இருந்த கடவுச்சொல்லைப் போட்டான். பலகையை இயக்கும் ஆப்பைத் திறந்தான். தேடியது, தேடியது, ஒன்றும் அகப்படவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் தவழ்ந்தான். பலகையின் முதுகிலிருந்து ஒரு நீலக் கேபிள் இறங்கி, மேசைக் காலில் கட்டியிருந்த சின்ன வெள்ளை ரூட்டருக்குள் போனது. அங்கேயே முடிந்தது.

"பையன் கெட்டிக்காரன்" என்றான் அடியிலிருந்தே. "சபை வைஃபைல இதைச் சேர்க்கவே இல்ல. இதுக்குன்னு தனியா ஒரு வீடு கட்டி, தனிப் பூட்டு போட்டிருக்கான். இந்தப் பூட்டோட கடவுச்சொல் தெரிஞ்சவன்தான் ஆளு."

"தெரிஞ்சவன் யாருன்னு பூட்டு போட்டவனையே கேப்போம்."

பின்கட்டு அறைக்கு வெளியே பூட்டு தொங்கியது. சன்னலில் கண்ணாடிப் பட்டைகள். மாவுசி ஒரு பட்டையைத் தூக்கினாள். உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்தான். உதடு வெடித்து, கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. உபவாசத்தில் உதடு வெடிக்கும், கண் வீங்காது என்று ஏக்கோ மனதுக்குள் சொல்லிக்கொண்டான். அதற்கு மேல் அவனுக்குக் கிண்டல் வரவில்லை.

"உங்க அக்கா அனுப்பினா" என்றாள் மாவுசி. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பரலோகம்னு போட்டிருக்கே, அது யாரு?"

ஓடார்ட்டே தரையைப் பார்த்தான். "லேடி பெர்ல். ஓசோஃபோவோட சம்சாரம். ஓசோஃபோ மேடையில இருக்கறப்ப அவங்க உள்ளறையில இருந்து ஜெபிப்பாங்க. அது ஓசோஃபோ காதுல இருக்கற கருவிக்கு மட்டும் போகும்."

ஓசோஃபோ என்றுதான் சபையில் எல்லாரும் சஸ்ராக்குவை அழைப்பார்கள், போதகர் என்ற மரியாதையில்.

"பேரு, ஊரு, முழங்கால் எல்லாம் சேர்த்து ஜெபிப்பாங்களா?"

"ஓசோஃபோவுக்கு ஞாபகமறதின்னு சொன்னாங்க. ஞாபகப்படுத்தத்தான்." அவனுடைய குரல் இறங்கியது. "சொகப்படுத்தறது கடவுள்தானே மேடம்."

பூட்டி வைத்து அடித்த பிறகும் இவன் இவர்களுக்காக வாதாடுகிறான் என்பதில் மாவுசிக்கு வந்த கோபம் யாரைப் பார்த்து என்று அவளுக்கே தெரியவில்லை.

"அந்த அறையில மண்டபத்து சத்தம் கேக்குமா?" என்றான் ஏக்கோ.

"கேக்காது. சுத்தி கனமான திரை. ஒரு டிவி இருக்கு, மண்டபம் தெரியும், சத்தத்தை நிறுத்தி வச்சிருப்பாங்க. இல்லன்னா மைக்ல திரும்ப விழும்."

"வெள்ளை ரூட்டரோட கடவுச்சொல் யாருக்கெல்லாம் தெரியும்?" இது மாவுசி.

"எனக்கு. அப்புறம் ஓசோஃபோவோட டேப்லட்ல போட்டுக் குடுத்தேன். ஆனா அது சின்ன ஆப் மேடம். அவரு காதுக்குப் போற சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். மண்டபத்தை அது தொடவே தொடாது. நான்தானே பண்ணேன், எனக்குத் தெரியும்."

"வேற யாரு?"

"வேற யாரும் இல்ல. அதனாலதான் நான்னு சொல்றாங்க."

திரும்பி நடக்கும்போது ஏக்கோவுக்கு முகம் சுண்டிவிட்டது. "முடிஞ்சுது ஆன்ட்டி. ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தன் ஆடிட்டு இருந்தான். இன்னொருத்தர்கிட்ட இருக்கறது பொம்மைத் துப்பாக்கி. பேசாம பிசாசுதான்னு எழுதிக் குடுத்துட்டு வாக்யே சாப்பிடப் போலாம்."

மாவுசி நின்றாள். "வாசல்ல இருந்த படத்தைப் பார்த்தியா?"

"பார்க்காம எப்படி? சூரியனை மறைக்குது."

"அவ்வளவு பெரிய படம் வைக்கிறவன், யாராவது தன் கையில சின்னதா ஒண்ணைக் குடுத்தா வச்சுப்பானா?"

ஏக்கோவுக்கு மோட்டார் தெரியும், ரூட்டர் தெரியும். ஆனால் மனிதர்களைக் கழற்றிப் பார்க்கிற வேலையில் இந்தப் பெண்மணிக்குப் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது என்று நினைத்துக்கொண்டான். அவளிடம் அதைச் சொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை.

சஸ்ராக்குவுக்கு ஓர் ஆயுததாரி உண்டு. வேதாகமத்தில் ராஜாக்களுக்கு வாளும் கேடயமும் சுமந்தவர்களுக்கு அந்தப் பெயர். இங்கே எலிகெம் என்ற ஒல்லியான ஆள் சஸ்ராக்குவின் கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், டேப்லட் ஆகியவற்றைச் சுமந்தான். மாமர நிழலில் அவன் கென்கி என்ற புளித்த சோளமாவு உருண்டையைப் பிட்டு, மிளகாய் விழுதில் தோய்த்து, பொரித்த மீனோடு தின்றுகொண்டிருந்தபோது ஏக்கோ பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"பிரதர், பெரிய பொறுப்பு உங்க பொறுப்பு."

"ஆமா" என்றான் எலிகெம்.

"சவுண்ட் பையனைப் பாருங்க, அகம்பாவம். ஓசோஃபோவுக்கு ஏதோ துக்கடா ஆப் போட்டுக் குடுத்தானாமே."

எலிகெம் மீன்முள்ளைத் துப்பினான். "அதை ஏன் கேக்கறீங்க. ஓசோஃபோ கொதிச்சுட்டாரு. அதுல விரலால தள்ற கோடு ஒண்ணே ஒண்ணு பிரதர். ஒரே ஒரு கோடு. 'என் சம்பளம் வாங்கற பையனுக்கு பலகை முழுக்கக் கோடு, எனக்கு ஒண்ணா? நான் என்ன கோரஸ் பாடறவனா?'ன்னு கேட்டாரு. போன சனிக்கிழமை என்கிட்ட குடுத்து அதைத் தூக்கிக் கடாசச் சொன்னாரு. சவுண்ட் பையன் வச்சிருக்கானே பெரிய ஆப், அதையே நான் இறக்கிக் குடுத்துட்டேன். இப்ப எல்லாக் கோடும் அவரு கையில."

"அந்தப் பையனுக்குச் சொன்னீங்களா?"

"அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அவன் யாரு?"

ஏக்கோவுக்குப் புரிந்துவிட்டது. ஒரே ஃபேடருக்கு இரண்டு பாதை உண்டு. ஒன்று ஓசோஃபோவின் காதுக்கு, இன்னொன்று மண்டபத்துக்கு. எந்தப் பாதை என்று முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் விரலை வைக்க வேண்டும். பெரிய ஆப்பை எப்போது திறந்தாலும் அது மண்டபத்தின் பக்கத்தில்தான் வந்து நிற்கும். டிரம் சத்தத்தில் காது கேட்காமல், பரலோகம் என்ற பெயரைப் பார்த்ததும் மனுஷன் விரலால் மேலே தள்ளியிருக்கிறார். தன் பெண்டாட்டியைத் தன் கையாலேயே ஊருக்குக் கேட்க வைத்திருக்கிறார்.

அவன் அதை எலிகெமிடம் நிதானமாக விளக்கினான். எலிகெமின் வாயில் கென்கி அப்படியே நின்றது.

"இதை மூப்பர்கள்கிட்ட வந்து சொல்லுங்க பிரதர். ஒரு ஆளோட உயிர்."

"நான் எதுவும் சொல்லல" என்றான் எலிகெம். "உங்களை நான் பார்த்ததே இல்ல." பாதி மீனை விட்டுவிட்டு எழுந்து போனான்.

ஏக்கோ வந்து சொன்னதைக் கேட்டு மாவுசி தலையாட்டினாள். அவளுக்கு ஆச்சரியம் இல்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றான் ஏக்கோ. "நம்ம பேச்சை எந்த மூப்பர் கேப்பான்? ஓசோஃபோ தும்மினாலே ஆமென் சொல்ற கூட்டம்."

"ஓசோஃபோவுக்குத் தான்தான் செஞ்சோம்னு தெரியுமா?"

ஏக்கோ யோசித்தான். "தெரியாதுன்னுதான் தோணுது. காதுல கூட்டப் பார்த்தாரு, மண்டபத்துல கேட்டுச்சு. பையன் ஒயரை மாத்திட்டான்னு நினைச்சிருப்பாரு. தன் விரல் தப்பு பண்ணும்னு நினைக்கிற ஆள் மாதிரியா இருக்கு?"

"அப்ப மறுபடியும் பண்ணுவான்" என்றாள் மாவுசி. "ஞாயித்துக்கிழமை போன மானத்தை இன்னைக்கு மீட்டாகணும். தீர்க்கதரிசனம் சொல்லாம இருக்க மாட்டான். பிசாசை உள்ள போட்டுப் பூட்டியாச்சுன்னு தைரியமா வேற இருப்பான். நீ டிரம் அடிக்கிறவன்கிட்ட போ. ஓசோஃபோ இன்னும் நெருப்பு கேக்கறாருன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றீங்க. அதுவும் கோவில்ல."

"ஊரோட ஒத்துப் போ."

மாலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. சூனியக்காரன் ஒத்துக்கொள்வதைப் பார்க்க வெளிச்சபைக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். தீர்க்கதரிசனத்துக்கு இத்தனை கூட்டம் எந்த நாளும் கூடியதில்லை. கொர்க்கோர் இரண்டாவது வரிசையில் கறுப்புத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். மாவுசி பின்னால் பலகைக்கு அருகே நின்று டீக்கனையும் மூன்று மூப்பர்களையும் அழைத்து வைத்துக்கொண்டாள்.

"சுத்திகரிப்போட கடைசிக் கட்டம்" என்றாள். "எல்லாரும் கையைத் தலைக்கு மேல தூக்கிக்கங்க. யாரும் பலகையைத் தொடக் கூடாது. என்ன நடந்தாலும்."

அவர்கள் தூக்கினார்கள். கோட்டும் டையும் போட்ட மனிதர்கள் கொள்ளைக்காரனிடம் மாட்டியதுபோல வரிசையாக நின்றார்கள்.

சஸ்ராக்கு வெள்ளைக் கோட்டு அணிந்து மேடைக்கு வந்தார். பிசாசின் சதியைப் பற்றிப் பேசினார். எதிரியின் வாய் இன்று அடைக்கப்படும் என்றார். சபை ஆமென் என்றது. பிறகு கிழமைக் காணிக்கை தொடங்கியது. ஏக்கோ டிரம்காரன் காதில் ஏதோ சொன்னான். டிரம்காரன் மேலே ஒருமுறை பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, தோலைக் கிழித்துவிடுவதுபோல அடித்தான்.

திங்கள் போயிற்று, செவ்வாய் வந்தது. சஸ்ராக்கு வலது காதை விரலால் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். முகம் கோணியது. பிறகு பக்கவாட்டில் கையை நீட்டினார்.

எலிகெம் டேப்லட்டோடு நின்றான். கொடுக்கவில்லை. அவன் இரண்டாவது வரிசையைப் பார்த்தான், பின்கட்டுக் கதவைப் பார்த்தான். இவன் ஒரு வார்த்தை காதில் சொன்னால் போதும், சஸ்ராக்கு தப்பித்துவிடுவார்.

எலிகெம் எதுவும் சொல்லாமல் டேப்லட்டைக் கொடுத்தான்.

"பலகையைப் பாருங்க" என்றாள் மாவுசி.

கைகளைத் தூக்கிய நான்கு பெரிய மனிதர்களின் கண்ணெதிரே, யாரும் தொடாமல், பரலோகம் மெல்ல மேலே ஏறியது.

"ஏங்க" என்றது மண்டபம் முழுவதும் ஒரு பெண் குரல்.

டிரம்காரனின் கை அந்தரத்தில் நின்றது. ஆடிக்கொண்டிருந்த செவ்வாய்க்கிழமைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதி நின்றார்கள்.

"ஏங்க, ரெண்டாவது வரிசை, கறுப்புத் துணி. அந்தப் பையனோட அக்கா. பேரு கொர்க்கோர். முதல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. தம்பி எல்லாத்தையும் ஒத்துக்கிட்டதா கடவுள் உங்களுக்குக் காட்டினார்னு சொல்லுங்க. அவ கத்தினா டீக்கன்களை விட்டுத் தூக்கச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அது கிசுகிசுப்பு, யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. இன்று புருஷன் காதை அழுத்தி முகம் கோணுவதை டிவியில் பார்த்துவிட்டு லேடி பெர்ல் தொண்டையைத் திறந்திருந்தாள். அந்தக் குரலில்தான் பெண்கள் கூட்டத்தில் அடக்கத்தைப் பற்றி வாராவாரம் பாடம் கேட்டிருக்கிறார்கள். "அய்யோ, நம்ம லேடி பாஸ்டர்" என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது.

"பிசாசு" என்று கத்தினார் சஸ்ராக்கு. டேப்லட்டில் விரலைத் தாறுமாறாக இழுத்தார். கிட்டார் இறங்கியது, பாடகர் குழு ஏறியது, பரலோகம் அசையவில்லை. பின்னால் மூப்பர்கள் ஃபேடர்களையும் மேடையில் இருந்தவரின் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். விரல் ஆட ஆட பொத்தான் ஆடியது. டீக்கன் பாஃபோ தூக்கிய கைகளை மெதுவாக இறக்கினார்.

"என் கண்ணால பார்த்தேன்னு சொன்னேனே" என்றார் மாவுசியிடம், அடிபட்ட குரலில்.

"பார்த்தீங்க ஐயா. எங்கேருந்து தள்ளினாங்கன்னுதான் பார்க்கல."

கொர்க்கோர் எழுந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. நடைபாதை வழியாக நடந்து, மேடைப் படிகளில் ஏறி, சஸ்ராக்குவின் முன்னால் போய் நின்று உள்ளங்கையை நீட்டினாள்.

திரை போட்ட அறைக்குள், சத்தமில்லாத டிவியில், லேடி பெர்லுக்கு அதுவும் தெரிந்தது.

"ஏங்க, அவ மேல வந்துட்டா. பதறாதீங்க. அறைச் சாவி உங்க இடது பாக்கெட்ல தான இருக்கு? அதுல மட்டும் கை வச்சுடாதீங்க."

சஸ்ராக்குவின் இடது கை அதற்குள் பாக்கெட்டுக்குப் போய்விட்டிருந்தது.

"கையை எடுங்க" என்றது பரலோகம். "அப்படி முழிக்காதீங்க. சிரிங்க."

பின்வரிசையில் ஒரு பெண்தான் முதலில் சிரித்தாள். அட்ஸோ. முழங்கால் வலிக்காரி. பிறகு அவள் பக்கத்தில் இருந்தவர்கள், பிறகு செவ்வாய்க்கிழமைக்காரர்கள், பிறகு மண்டபம் முழுக்க. இத்தனை வருடம் ஆமென் சொன்ன வாய்கள் அத்தனையும் சிரித்தன. அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. சிலர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள், தங்களைப் பார்த்தே காறித் துப்புகிற மாதிரி இருந்தது அது. ஏக்கோ சிரிக்கவில்லை.

சஸ்ராக்கு சாவியை எடுத்தார். வலது கை டேப்லட்டைப் பிடித்திருந்தது. இடது கையால் சாவியை நீட்டினார்.

கொர்க்கோர் வாங்கவில்லை. நீட்டிய உள்ளங்கையை மட்டும் சற்றே பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வலது கையால குடுங்க ஓசோஃபோ" என்றாள். "என் தம்பி நாய் இல்ல."

மண்டபம் அடங்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. சஸ்ராக்கு குனிந்து டேப்லட்டைத் தரையில் வைத்தார்.